எழில் இல்லாத வகுப்பின் கேள்விகள்

பட்டாபிராம்,
ஆகஸ்ட் 29

அன்புள்ள எழில் அம்மாவுக்கு,

ரெனிதா மிஸ் எழுதுகிறேன். எழிலின் ஒன்றாம் வகுப்பு டீச்சர். உங்கள் போனுக்குப் பலமுறை கூப்பிட்டுப் பார்த்தேன், அணைத்து வைத்திருக்கிறீர்கள். டிவிக்காரர்கள் விடாமல் கூப்பிட்டார்களாம், குவார்ட்டர்ஸில் உங்கள் எதிர்வீட்டு சுசீலா அம்மா சொன்னார். அவரிடம்தான் சங்கரன்கோவிலில் இருக்கும் உங்கள் அண்ணன் வீட்டு முகவரியை வாங்கினேன். போன் அடித்தால் உடனே எடுத்தாக வேண்டும். கடிதம் அப்படியில்லை, தோன்றுகிறபோது பிரிக்கலாம். பிரிக்காமலே வைத்தாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

எழில் அப்பாவைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று எழிலை விட வந்திருந்தார். மற்ற பிள்ளைகள் எல்லாம் கதறிக்கொண்டிருக்க, எழில் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். இவர் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் தலைகீழா நடக்குது மிஸ்" என்று சிரித்தார். எனக்கு அவரைத் தெரிந்தது அவ்வளவுதான். ரயில் விபத்தில் இறந்தவர்களின் பெயர்களை டிவியில் வாசித்தபோது "தமிழரசு, ஆவடி" என்று வந்ததும் அந்தச் சிரிப்புதான் என் கண்ணில் நின்றது.

ஆறுதல் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, வார்த்தையும் இல்லை. உங்களிடம் ஒன்று கேட்டுத் தெரிந்துகொள்ளவே எழுதுகிறேன்.

விபத்துக்கு மறுநாள் எங்கள் பள்ளியிலும் மௌன அஞ்சலி. கொடியைப் பாதிக் கம்பத்தில் நிறுத்தியிருந்தார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் சுதந்திர தினத்துக்குக் கொடி உச்சியில் போய்ப் பூக்கொட்டியதை இந்தப் பிள்ளைகள் பார்த்தவர்கள். யூசுப் வரிசையை விட்டு வெளியே வந்து, "மிஸ், கயிறு மாட்டிக்கினுச்சு. ஆட்டோ அண்ணனக் கூப்டா ஏறி எடுத்துடுவாரு" என்றான். அவனை வரிசையில் திருப்பி நிறுத்தினேன்.

எங்கள் பெரிய மிஸ் ஞானகுமாரி எல்லா டீச்சர்களையும் கூப்பிட்டு, சின்ன வகுப்புகளில் விபத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக்கூடாது, பிள்ளைகள் கேட்டால் ஒரு பாட்டைப் பாட வைத்துவிடுங்கள் என்றார். இந்த வாரம் நான் பாடிய பாட்டு ஒரு வருஷத்துக்குக் காணும். நேற்று மிதுனா எழுந்து, "நாடே அழுதுன்னு டிவில சொன்னாங்க மிஸ். நான் அழவே இல்லியே. அப்ப நான் நாட்டுல இல்லியா?" என்று கேட்டாள். அதற்கேற்ற பாட்டு எனக்குத் தெரியவில்லை.

எழில் எங்கே என்று தினமும் கேட்கிறார்கள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எழிலிடம் நீங்கள் என்ன சொல்லியிருக்கிறீர்கள்? அது தெரிந்தால், நான் இங்கே அதற்கு மாறாக எதையும் சொல்லிவிடாமல் இருப்பேன்.

சாப்பிடுகிறீர்களா என்று கேட்க மாட்டேன். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
ரெனிதா


சங்கரன்கோவில்,
செப்டம்பர் 4

ரெனிதா மிஸ்ஸுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் வந்தது. இங்கே வருகிறவர்கள் எல்லாம் என்னிடம் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதனால் பதில் எழுதுகிறேன்.

அவர் தொழிற்சாலை வேலையாக வடக்கே போயிருந்தார். திரும்பி வருகிற அன்று காலையில் வீடியோவில் எழிலிடம் பேசினார். "நாளைக்கு ராத்திரி நீ தூங்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்றார். எழில் தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். வண்டி லேட் என்றேன். மறுநாளும் லேட் என்றேன். அண்ணன் கோபி போய் உடலைக் கொண்டுவர ஒரு வாரம் ஆகிவிட்டது. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இங்கே காரியம் நடந்தபோது எழிலைப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் கார்ட்டூன் போட்டு உட்கார வைத்திருந்தோம். அவளுக்கு எதுவும் தெரியாது.

இப்போது அண்ணி, "ஒங்க அப்பா சாமிகிட்ட போயிருக்காவ" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து, சாமிகிட்டயிருந்து ஊருக்கு எந்த ட்ரெயின், நேரா ஆவடிக்கு வருமா, இல்லை சென்ட்ரலில் இறங்கி மாறணுமா என்று கேட்கிறாள். ரயில் பாதையோரக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளை அல்லவா, எல்லாமே அவளுக்கு ட்ரெயின்தான்.

எனக்கு அவளிடம் சொல்லத் தைரியமில்லை மிஸ். அவள் கொஞ்சம் வளரட்டும். உங்கள் வகுப்பில், எழில் அப்பா வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி சொன்னால் அவளும் நம்பிவிடுவாள். தயவுசெய்து இதை எனக்காகச் செய்யுங்கள்.

அவருக்குப் பதிலாக எனக்குத் தொழிற்சாலையில் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். குவார்ட்டர்ஸையும் உடனே காலி செய்ய வேண்டாமாம். வருவேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அந்த வீட்டின் கதவைத் தனியாகத் திறக்க என்னால் ஆகாது.

இப்படிக்கு,
சௌம்யா தமிழரசு


பட்டாபிராம்,
செப்டம்பர் 9

அன்புள்ள எழில் அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை கைக்கு வந்தது. நீங்கள் கேட்டதை என்னால் செய்ய முடியாமல் போய்விட்டது. நேற்று வகுப்பில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

மதியச் சாப்பாடு முடிந்து நான் உள்ளே வந்தபோது பெஞ்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி ட்ரெயின் ஆக்கியிருந்தார்கள். கூவிக்கொண்டே போனார்கள். பிறகு "பாலம்! பாலம்!" என்று கத்திக்கொண்டு எல்லோரும் தரையில் விழுந்தார்கள். என் வகுப்பு அந்த விபத்தை விளையாடிக்கொண்டிருந்தது. நிறுத்தத்தான் போனேன். அப்போது ரூபஸ், "யாரு எழில் அப்பா? யாராவது எழில் அப்பாவா இருங்கடா" என்றான். நிறுத்தாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் டிவியில் போட்டோ பார்த்திருக்கிறான். எல்லோரிடமும் எப்போதோ சொல்லியும் இருக்கிறான். நான் பாட்டு பாடிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

யாரும் எழில் அப்பாவாக இருக்க ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் யூசுப், "நான் இருக்கேன்" என்று கண்ணை மூடிப் படுத்தான். மிதுனா அவன் பக்கத்தில் உட்கார்ந்து விலாவில் கிச்சுகிச்சு மூட்டினாள். அவன் சிரித்துவிட்டான். "சிரிக்கக் கூடாதுடா, செத்தவங்க சிரிக்க மாட்டாங்க" என்று ரூபஸ் அதட்டினான். மறுபடி படுத்தான். மறுபடி மூட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான், முடியவில்லை, மறுபடி சிரித்தான். மூன்றாவது முறை மிதுனா கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "மிஸ், எழில் கிச்சுகிச்சு மூட்டினாகூட அவங்கப்பா சிரிக்க மாட்டாரா?" என்று கேட்டாள்.

பெரிய மிஸ் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனாலும் எல்லோரையும் தரையிலேயே உட்காரச் சொல்லி நானும் உட்கார்ந்தேன். "மாட்டார். எழில் அப்பா இறந்துட்டார். இறந்துட்டா உடம்பு வேலை செய்யாது. பசிக்காது, வலிக்காது, கூசாது. திரும்பி எழுந்திருக்க மாட்டாங்க" என்றேன்.

"சார்ஜ் போட்டாகூடவா மிஸ்?"

"போட்டாகூட."

"எங்க சர்ச்சுல ஏசப்பா எழுந்தாருன்னு சொன்னாங்களே" என்றான் ரூபஸ். நானும் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்தான். ஆனாலும் "அதை நீ வீட்ல அம்மாகிட்ட கேளு" என்று சொல்லித் தப்பித்தேன்.

"நம்ம ஸ்கூல் பின்னாடி போற ட்ரெயினும் விழுமா?" என்று இன்னொரு பிள்ளை கேட்டது. விழவே விழாது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, "விழாம பாத்துக்கறதுக்கு நிறைய பேர் வேலை செய்யறாங்க. அப்படியும் எப்பவாவது ஒரு தடவை தப்பு நடந்துடுது" என்றேன். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த நிறைய பேர்ல ஒருத்தர் எங்க சித்தப்பா" என்றது. அதன் முகத்தில் ஒரே பெருமை.

கொடியைப் பற்றியும் சொன்னேன். கயிறு மாட்டவில்லை, துக்கம் என்றால் அப்படிப் பாதியில் நிறுத்துவார்கள் என்று. யூசுப்பைத் தவிர எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

யாரும் பயந்து அழவில்லை. இரண்டு பேர் அழுதார்கள், அது எழிலை நினைத்து. ஆனால் இரவில் ரூபஸ் தூங்காமல் அவன் அப்பாவைத் தட்டித் தட்டி எழுப்பி, உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்தானாம். அவன் அம்மா காலையில் பள்ளிக்கு வந்துவிட்டார். பெரிய மிஸ் என்னிடம் எழுத்துமூலமாக விளக்கம் கேட்டிருக்கிறார்.

உங்கள் கடிதம் ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் நான் வேறு மாதிரி செய்திருப்பேனா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். உங்களிடம் பொய் சொல்ல விருப்பமில்லை. வெளிநாடு என்று அவர்களிடம் சொல்லியிருக்க என்னால் முடிந்திருக்காது. அவர்கள் நம்பியிருக்கவும் மாட்டார்கள்.

வருத்தத்துடன்,
ரெனிதா


சங்கரன்கோவில்,
செப்டம்பர் 13

ரெனிதா அவர்களுக்கு,

என் பிள்ளைக்கு அவள் அப்பா இறந்தது தெரியாது. உங்கள் வகுப்பில் இருக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் தெரியும்.

அவர் இறந்ததை நாடு முழுக்கப் பேசினார்கள். யாரோ என் வீட்டுக்காரர் படத்தைப் போட்டுப் பாட்டுச் சேர்த்து வீடியோ போட்டார்கள். எங்கள் வீட்டுக்குள் மட்டும் ஒரே ஒரு ஆளிடமாவது அந்தச் செய்தியை வரவிடாமல் வைத்திருந்தேன். நான் மீதி வைத்திருந்தது அதை மட்டும்தான். அவள் திரும்பி வந்தால் முதல் நாளே யாராவது ஒரு பிள்ளை அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிடும். இனி அவளை எப்படி அங்கே அனுப்புவேன்?

எழிலுக்கு டி.சி. வேண்டும். ஆபீஸில் சொல்லி வையுங்கள். அண்ணன் வந்து வாங்கிக்கொள்வார்.

சௌம்யா


பட்டாபிராம்,
செப்டம்பர் 18

அன்புள்ள எழில் அம்மாவுக்கு,

ஆபீஸில் சொல்லிவிட்டேன். நீங்களோ உங்கள் அண்ணனோ கையெழுத்துப் போட்டால் டி.சி. கிடைத்துவிடும். அதற்காக உங்களை அலையவிட மாட்டார்கள்.

உங்கள் கோபத்துக்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நீங்கள் கட்டிக் காத்த ஒன்றை, கேட்காமலே நான் திறந்துவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் பிள்ளைகளிடம் உண்மையைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க மனசு வரவில்லை. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதுவது சரியா என்றும் தெரியவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து என்னை நான்காம் வகுப்புக்கு மாற்றப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய மிஸ் கெட்டவர் இல்லை. "நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லல ரெனிதா. ராத்திரி தூங்காத பிள்ளையோட அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

இதை உங்களிடம் இரக்கம் தேடி எழுதவில்லை. எழில் வராவிட்டாலும், உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. நேற்று என் வகுப்பில் பெரிய வாக்குவாதம். எழில் வந்தால் அவள் முன்னால் "அப்பா" என்ற வார்த்தையையே சொல்லக் கூடாது, சொன்னால் அவள் அழுவாள் என்று மிதுனா எல்லோருக்கும் சட்டம் போட்டாள். யூசுப் உடனே எழுந்து, "அப்ப எங்கப்பாவ நான் இன்னான்னு கூப்புடறது?" என்றான். வகுப்பு முழுக்க யோசித்தது. "பேர் சொல்லிக் கூப்பிடு" என்றான் ரூபஸ். "தோலை உரிச்சிடுவாரு" என்றான் யூசுப். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் பிள்ளைகளை ஏற்ற வந்த ஆட்டோக்கார அப்பாவு, "இன்னா மிஸ், அந்தப் பாப்பா வருமா வராதா? முன்னாடி என்னாண்ட குந்திகினு கேள்வியா கேட்டுகினே வரும். இப்ப ரோடே தூக்கமா வருது மிஸ்" என்றார். தெரியாது என்றேன்.

எழில் இப்போது என்னென்ன கேட்கிறாள்? பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம், எல்லோருமே.

ரெனிதா


சங்கரன்கோவில்,
செப்டம்பர் 30

அன்புள்ள ரெனிதா மிஸ்ஸுக்கு,

கடைசியாக எழுதிய கடிதத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கிழித்துப் போட்டுவிடுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

போன வாரம் எழில் ஒரே பிடிவாதம், ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்று. சாமிகிட்டயிருந்து வரும் ட்ரெயின் எது என்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் தானே போய்ப் பார்த்துக்கொள்கிறாளாம். அண்ணி திட்டினார். நான் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஸ்டேஷனில் ஆவடி மாதிரி ரெண்டு நிமிஷத்துக்கு ஒன்று வராது. வெயிலில் பிளாட்பாரத்துப் பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு வண்டி வந்தது. எழில் எழுந்து நின்று ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தாள். இறங்கியவர்கள் எல்லாம் போய், வண்டியும் போனது. "இது இல்ல போல" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏமாற்றமே இல்லை மிஸ். அடுத்ததற்குக் காத்திருந்தாள். இப்படியே பத்து வருஷம் கூட உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எழில், அப்பா எந்த ட்ரெயின்லயும் வர மாட்டார்டா. அப்பா இறந்துட்டார்" என்றேன்.

அவள் காலை ஆட்டுவதை நிறுத்தினாள். "டிவில காமிச்சாங்களே, பாலத்துல, அந்த ட்ரெயினா?"

சட்டென்று அவள் பக்கம் திரும்பினேன். "நீ எப்ப பாத்த?"

"கார்ட்டூன் மாத்தறப்ப. ஆனா அது நீல ட்ரெயின். அப்பா போனது செகப்பு ட்ரெயின். நாமதான டாட்டா காமிச்சோம்."

அதனால்தான் அவள் கவலைப்படவே இல்லை. டிவியில் பார்த்துவிட்டு, இது நம் அப்பா ட்ரெயின் இல்லை என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள். "போனது செகப்புடா. திரும்பி வந்தது நீலம்" என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் அவள் முகம் மாறியது.

வலித்ததா என்று கேட்டாள். தெரியாது என்றேன். சாமிகிட்ட இருக்காரா என்றாள். "அத்தை அப்படி நம்பறாங்க. எனக்குத் தெரியாது. திரும்பி வர மாட்டார், அது மட்டும் தெரியும்" என்றேன். நான் இவ்வளவு நாள் கட்டிய கதைகளில் ஒன்றில்கூட அவள் திருப்தி அடைந்ததில்லை, கேட்டுக்கொண்டே இருப்பாள். தெரியாது என்றபோது மேலே கேட்கவில்லை. பிறகு ஒரு மூச்சு அழுதாள். என் தொடையில் அடித்து அடித்து அழுதாள். "ஏன் பொய் சொன்ன?" என்றாள்.

"பயமா இருந்துச்சு."

"யாரப் பாத்து?"

"உன்னப் பாத்துதான்."

அழுகையை நிறுத்தி என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். தன்னைப் பார்த்து ஒரு பெரிய ஆள் பயப்படுவார் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு ரெண்டு நாள் என்னை விட்டு நகரவில்லை. பாத்ரூம் வாசலில்கூட வந்து நின்றாள். நீயும் செத்துப்போவியா என்று என்னைக் கேட்டாள். ரொம்ப நாள் கழித்துத்தான், நீ பெரிய பெண்ணாகி எனக்குச் சோறு ஊட்டி விடுகிற வயதில் என்றேன். அவளுக்கு அது பிடித்திருந்தது. என்ன சோறு என்று கேட்டாள்.

இனி எழுதப் போவதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது. மூன்றாம் நாள் தலை பின்னிக்கொண்டிருந்தேன். திடீரென்று, "யூசுப்புக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"மிதுனாக்கு? ரூபஸ்க்கு?"

"எல்லாருக்கும் தெரியும். மிஸ் சொல்லிட்டாங்க."

அவள் திரும்பிப் பார்த்த வேகத்தில் பின்னல் என் கையை விட்டுப் போய்விட்டது. அவள், "அப்பாடா" என்றாள். "அப்ப நான் போய் ஒவ்வொருத்தர்ட்டயா சொல்ல வேணாம்ல?"

நான் எதை நினைத்து உங்கள் மேல் அவ்வளவு ஆத்திரப்பட்டேனோ, அதை அவள் இப்படி வாங்கிக்கொண்டாள். எனக்கு இது தோன்றவே இல்லை மிஸ். இந்த ஒரு மாதமாக ஒவ்வொரு ஆளுக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி நான்தானே ஓய்ந்து போனேன். அந்தக் கஷ்டம் என் பிள்ளைக்கும் இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

யூசுப்பிடம் சொல்லுங்கள், அவன் அப்பாவை அப்பா என்றே கூப்பிடட்டும். எழிலும் இங்கே நாள் முழுக்க அப்பா அப்பா என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறாள்.

நேற்று போனை ஆன் செய்தேன். முதல் போன் உங்கள் பெரிய மிஸ்ஸுக்கு. எழில் லீவு முடிந்து வருகிறாள், ஒன்றாம் வகுப்பில் ரெனிதா மிஸ் இருந்தால்தான் வருவாள் என்றேன். அதற்கு அவர், "அந்த ரூபஸோட அம்மாவும் நேத்து அதையேதான் சொன்னாங்க" என்றார். அவன் இப்போது நன்றாகத் தூங்குகிறானாம். முன்பு இருட்டில் எதையோ நினைத்துப் பயந்துகொண்டே இருப்பானாம், இப்போது நேராகக் கேட்டுவிடுகிறானாம்.

தொழிற்சாலை வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ஆவடி வந்து சேருகிறோம். கதவை சுசீலா அம்மா கூட நின்று திறப்பதாகச் சொல்லியிருக்கிறார். ட்ரெயினில்தான் வருகிறோம். என்ன கலர் என்று எழில் இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
சௌம்யா


பட்டாபிராம்,
அக்டோபர் 9

அன்புள்ள சௌம்யாவுக்கு,

பக்கத்திலேயே இருக்கிறீர்கள், போன் நம்பரும் கையில் இருக்கிறது. இருந்தாலும் எழுதத்தான் வருகிறது. நாளை எழில் பையில் வைத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டியிருக்கிறேன், வழியில் ஆட்டோவில் வாசிக்கப்படாமல் இருக்க.

மூன்று நாள் எழில் அதிகம் பேசவில்லை, நீங்களும் கவலைப்பட்டீர்கள். இன்று பேசினாள். அதனால் எழுதுகிறேன்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது ரூபஸ் நேராகக் கேட்டுவிட்டான், "ஒங்கப்பா செத்துட்டாருல்ல?" என்று. எழில், "ஆமா" என்றாள். "நீ அழுவியா?" "சில நாள்." "நாங்க ஒரு தடவ அழுதோம், நீ ஊருக்குப் போயிருந்தப்ப" என்றாள் மிதுனா. "யார் யார்?" என்று எழில் விசாரித்தாள். அழுதவர்கள் கை தூக்கினார்கள். அழாத ரெண்டு மூன்று பேரும் தூக்கினார்கள். எழில் எல்லோரையும் பார்த்துத் தலையாட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். நீங்கள் கொடுத்தனுப்பிய உருளைக்கிழங்கில் பாதி யூசுப் வயிற்றுக்குப் போனது.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் இடத்தில் என்னிடம் வந்தாள்.

"மிஸ், எங்கப்பாக்கு முப்பத்தஞ்சு வயசு. இனிமே ஏறாதுல்ல?"

"ஏறாது."

"எனக்கு ஏறும்ல?"

"ஏறும். வருஷா வருஷம் ஏறும்."

விரலை மடக்கினாள், போதவில்லை, யூசுப் விரல்களையும் பிடித்து மடக்கிப் பார்த்தாள், பாதியில் கணக்கு விட்டுப்போனது. "எனக்கு முப்பத்தாறு ஆச்சுன்னா, அப்ப நான் எங்கப்பாவ விடப் பெரியவளா?"

யூசுப்தான், "ஆமா. அப்ப ஒங்கப்பா உன்ன அக்கான்னுதான் கூப்புடணும்" என்றான். எழில் சிரித்தாள். ஊரிலிருந்து வந்த பிறகு அவள் சத்தமாகச் சிரித்ததை நான் இன்றுதான் கேட்டேன். சட்டென்று நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், சிரித்தது தப்பா என்பது போல. நானும் சிரித்துவிட்டேன். அதன் பிறகு அவர்கள் ரெண்டு பேரும் ஓடிவிட்டார்கள்.

ஆனால் கேள்வி என்னிடமே நிற்கிறது. வீட்டில் உங்களிடமும் இதற்குள் நிச்சயம் கேட்டிருப்பாள். நான் சாயங்காலம் முழுக்க யோசித்தும் பிடி கிடைக்கவில்லை. நீங்கள் என்ன சொன்னீர்கள், அதற்கு அவள் என்ன கேட்டாள் என்று எனக்கும் எழுதுங்கள். டீச்சர் என்பதற்காகக் கேட்கவில்லை, எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

உங்கள்,
ரெனிதா